சிடி போட்டுத் தபாலில் அனுப்பப் போகிறவர்களுக்கு: இரண்டு கவுன்டரிலும் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் இந்தக் கிழக்கு ஓரத்தில் பஜனைக் குழுக்களும் கோயில் கமிட்டிகளும் நடனப் பள்ளிகளும் இன்னும் டிஸ்க் போடுகின்றன. பாட்டைப் போனில் அனுப்பலாம்தான். ஆனால் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்த ஒரு பெரியவர் கையில் படம் போட்ட உறையோடு ஒரு டிஸ்க்கைக் கொடுப்பது வேறு விஷயம், அதை அவர் பூஜை அறையில் வைப்பார். டிஸ்க் போடுவது என்று முடிவெடுத்துவிட்டால் அப்புறம் இரண்டு தொழில்களோடு பேச வேண்டும். ஒன்று டிஸ்க் ஆலை அல்லது காப்பி அடித்துத் தரும் கடை, இன்னொன்று தபால். இரண்டு பக்கமும் ஒரே சொற்களைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு பொருளில். புதிதாக வருகிறவர்களின் பணம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வீணாகிறது.

உதாரணத்துக்கு "பல்க்". டிஸ்க் கடையில் "பல்க் ரேட்" என்று கேட்டால், உறை, பெட்டி எதுவும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் கம்பியில் கோத்த வெறும் டிஸ்க்குக்கான விலையைச் சொல்வார்கள். அந்தக் கம்பிக்கு ஸ்பிண்டில் என்று பெயர். தபாலில் "பல்க்" என்றால் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கொண்டுவரும் நிறைய உறைகள். ஆக, டிஸ்க் கடையில் பல்க் ரேட்டைக் கேட்டு, அதில் கவரும் சேர்ந்திருக்கும் என்று நினைத்து கமிட்டியில் பட்ஜெட் போட்டுவிட்டால் பின்னால் சங்கடம்.

"லேபிள்" டிஸ்க் பக்கம் டிஸ்க்கின் முகத்தில் அச்சாவது, தபால் பக்கம் உறை மேல் ஒட்டும் முகவரிச் சீட்டு. "இன்சர்ட்" டிஸ்க் பக்கம் பெட்டிக்குள் செருகும் சின்னப் புத்தகம், தபால் பக்கம் உறைக்குள் கூடவே போடும் நோட்டீஸ். "ரிட்டர்ன்" ஆலையில் பழுது என்று திரும்பும் டிஸ்க், தபாலில் ஆள் கிடைக்காமல் திரும்பும் உறை. "மாஸ்டர்" கதை இன்னும் பெரியது, பின்னால் வருகிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்: விலை கேட்கும்போது ஒற்றைச் சொல்லில் கேட்காதீர்கள், முழு வாக்கியமாக எழுதிக் கேளுங்கள். "ஒரு பக்கம் நான்கு கலர் அச்சோடு, காகித உறையில் போட்டு, ஒட்டாமல், 500 டிஸ்க்" என்று எழுதினால் எந்தக் கடையிலும் தப்பு நடக்க வழியில்லை.

முதலில் உறையை முடிவு செய்யுங்கள்

எல்லாரும் பாட்டிலிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது தலைகீழ்: எந்த உறையில் போகும், என்ன எடை என்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் தபால் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, நடுவில் சரிவு கிடையாது. ஸ்பீட் போஸ்டில் 50 கிராம் வரை ஒரு கட்டணம், 51 முதல் 250 வரை அடுத்தது, 251 முதல் 500 வரை அதற்கும் அடுத்தது. 52 கிராம் இருந்தாலும் 250 கிராமுக்கான பணத்தைத்தான் கட்டுவீர்கள்.

டிஸ்க் ஒன்றின் எடை சுமார் 16 கிராம்தான். 12 சென்டிமீட்டர் குறுக்களவு, 1.2 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 15 மில்லிமீட்டர் ஓட்டை, எந்த நாட்டில் வாங்கினாலும் இதே அளவு. காகித உறையில் போட்டு, ஒரு அட்டையை முட்டுக்கொடுத்து, வெளி உறையில் வைத்தால் 50 கிராமுக்குள் அடக்கிவிடலாம். அதே டிஸ்க்கை ஜுவல் கேஸ் என்கிற அந்தப் பழைய கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டியில், சின்னப் புத்தகத்தோடு வைத்தால் பெட்டியே 100 கிராமை ஒட்டி வந்துவிடும், அதன்மேல் உறை. ஆயிரம் பேருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இந்த ஒரு முடிவு மட்டுமே டிஸ்க் விலையைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

உறை வகைகளின் பெயர்கள்: காகித ஸ்லீவ் என்பது நடுவில் வட்டமாகப் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது, சில கடைகளில் பவுச் என்பார்கள். வாலட் என்பது கெட்டி அட்டையை மடித்துச் செய்தது, நான்கு பக்கமும் அச்சிடலாம், தபாலுக்கு மிகப் பொருத்தமானது. ஜுவல் கேஸ் 10 மில்லிமீட்டர் தடிமன், ஸ்லிம் கேஸ் அதில் பாதி. டிவிடி கேஸ் புத்தகம் போல உயரமானது. டிஜிபேக் அட்டையும் பிளாஸ்டிக் தட்டும் கலந்தது, கைக்கு அழகு, தபாலுக்குக் கொஞ்சம் பயம். ஜுவல் கேஸின் கீல் தபால் பையில் உடைவது சாதாரணமாக நடப்பது, நேரில் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு தபாலில் போகிறவற்றை வாலட்டில் போடச் சொல்லி ஒரே ஆர்டரில் இரண்டாகப் பிரிப்பதுதான் என் கணக்கில் நல்ல வழி. எல்லாக் கடைகளும் அப்படிப் பிரித்துத் தரும், கேட்டால்.

புக் போஸ்டில் அனுப்பிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். புக் போஸ்டும், 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்டும் அச்சிட்ட புத்தகங்களை மனதில் வைத்து ஏற்பட்டவை. டிஸ்க் உறைக்கு அந்தக் கட்டணத்தை வைத்து பட்ஜெட் போட வேண்டாம். பதிவுத் தபாலும் தனியாக இல்லை, 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். குறிப்பிட்ட ஆள் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்டிலேயே ரெஜிஸ்ட்ரேஷன் என்று கூடுதல் வசதியாகக் கேட்க வேண்டும். ஒரு மாதிரி உறையை முழுசாகக் கட்டி, உள்ளே உண்மையான எடைக்கு டிஸ்க்கும் அட்டையும் வைத்து, தபால் ஆபீஸுக்கு எடுத்துப் போய் எடை போட்டுக் கேளுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கில் என்ன வகை

பாட்டு என்றால் ஆடியோ சிடியா, எம்பி3 டிஸ்க்கா? ஆடியோ சிடியில் 74 அல்லது 80 நிமிடம், அதிகபட்சம் 99 பாட்டு. பழைய பிளேயர், கார் எதிலும் பாடும். எம்பி3 டிஸ்க் உண்மையில் ஒரு டேட்டா சிடி, 700 எம்பி கொள்ளும், நூறு பாட்டுக்கு மேல் தாராளமாகப் போகும், ஆனால் ரொம்பப் பழைய பிளேயரில் ஓடாது. எம்பி3 டிஸ்க்கில் ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தால் கணினியில் சரியாகத் தெரியும், கார் பிளேயரில் கட்டம் கட்டமாக வரும்.

வீடியோ என்றால் டிவிடி. டிவிடி-5 என்பது ஒரு அடுக்கு, 4.7 ஜிபி. டிவிடி-9 என்பது ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்கு, 8.5 ஜிபி. பெயரில் இருக்கும் 5, 9 என்பவை கொள்ளளவைத் தோராயமாகச் சொல்வதுதான். ப்ளூ-ரே 25, 50 ஜிபி, நம் தேவைக்குப் பெரும்பாலும் வேண்டாம். விசிடி ஒரு காலத்தில் நம் ஊரில் ராஜாவாக இருந்தது, இப்போது புதிதாகப் போட அவசியம் இல்லை. இந்தியாவுக்கு வீடியோ பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இருக்க வேண்டும், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று சொல்லும் ரீஜன் எண் 5. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவீர்கள் என்றால் அங்கே என்டிஎஸ்சி முறை, ரீஜன் 1. அதனால் ரீஜன் பூட்டே இல்லாமல் போடச் சொல்லுங்கள், "ரீஜன் ஃப்ரீ" அல்லது "ரீஜன் ஜீரோ" என்றால் புரிந்துகொள்வார்கள். பால், என்டிஎஸ்சி வித்தியாசம் மட்டும் அதில் தீராது.

ரெப்ளிகேஷன், டூப்ளிகேஷன்

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த விலையையும் ஒப்பிட முடியாது. டூப்ளிகேஷன் என்றால் வெற்று டிஸ்க்கில் லேசரால் எழுதுவது. நம் வீட்டுக் கணினியில் பர்ன் செய்வது போலத்தான், டவர் என்ற கருவியில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு எழுதலாம். ரெப்ளிகேஷன் என்றால் ஆலையில் அச்சு வைத்து வார்ப்பது, எழுதுவது என்ற வேலையே அங்கே கிடையாது. வார்க்கும்போதே பாட்டும் சேர்ந்து பதிந்துவிடும்.

ஆலையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பில்லில் வரும் பெயர்கள் எல்லாம் தானாகப் புரியும். வழவழப்பான ஒரு கண்ணாடித் தட்டின்மேல் ஒளிபட்டால் மாறும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். நீங்கள் கொடுத்த தகவலை லேசர் அதில் உள்ளிருந்து வெளியே போகும் சுருள் வரிசையில் எழுதும். கழுவினால் ஒளிபட்ட இடங்கள் குழிகளாக நிற்கும். இதுதான் கிளாஸ் மாஸ்டர். சிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74. இவ்வளவு நுணுக்கம் என்பதால் தூசி இல்லாத அறையில்தான் இந்த வேலை நடக்கும். கண்ணாடி மேல் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து, மின்முலாம் பூசும் முறையில் நிக்கலை வளர்த்து உரித்தெடுத்தால் ஃபாதர் கிடைக்கும். ஃபாதரிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். ஒரு மதரிலிருந்து பல ஸ்டாம்பர் எடுக்கலாம். குறைந்த எண்ணிக்கைக்கு ஃபாதரையே ஸ்டாம்பராக வைத்தும் அடிப்பார்கள்.

ஸ்டாம்பரை மோல்டில் பொருத்தி, 300 டிகிரிக்கும் மேல் உருக்கிய பாலிகார்பனேட்டை அழுத்தத்தில் செலுத்தினால் சில விநாடிகளில் கண்ணாடி போல ஒரு டிஸ்க் வந்து விழும். குழிகள் எல்லாம் அதில் பதிந்திருக்கும், ஆனால் லேசர் திரும்பி வர மினுமினுப்பு வேண்டுமே, அதற்காக வெற்றிடத்தில் அலுமினியத்தை மிக மெல்லியதாகப் படிய வைக்கிறார்கள். இதற்கு மெட்டலைசிங் என்று பெயர். அதன்மேல் லாக்கர், அதைப் புறஊதா ஒளியில் காயவைத்து, அதற்குமேல் அச்சு. டிவிடி என்றால் 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு தட்டு செய்து ஒட்டுவார்கள், அதற்கு பாண்டிங்.

இதில் நமக்குக் கிடைக்கும் ஒரு முக்கியமான செய்தி: சிடியில் தகவல் இருப்பது கீழ்ப்பக்கத்தில் இல்லை, அச்சிட்ட பக்கத்துக்கு நேர் அடியில், லாக்கருக்கு உடனே கீழே இருக்கிறது. கீழ்ப்பக்கம் கீறினால் பல நேரம் துடைத்து ஓட்டிவிடலாம். மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்த இடத்தில் பாட்டு போனது போனதுதான். டிவிடியில் தகவல் நடுவில் மாட்டியிருப்பதால் இந்த விஷயத்தில் அது கொஞ்சம் திடம். டிஸ்க்கில் எழுதவே வேண்டும் என்றால் அதற்கென விற்கும் மென்முனை மார்க்கர்.

கிளாஸ் மாஸ்டருக்கும் ஸ்டாம்பருக்கும் ஆகும் செலவு, 100 டிஸ்க் போட்டாலும் 5,000 போட்டாலும் ஒன்றுதான். ஆகவே ஆலைகள் 500 அல்லது 1,000க்குக் கீழே எடுக்கத் தயங்கும். 300 பேருக்கு அனுப்பும் நடனப் பள்ளி டூப்ளிகேஷன் போனால் போதும், 2,000 பேருக்கு அனுப்பும் கோயில் ரெப்ளிகேஷன் போக வேண்டும். நடுவில் இருப்பவர்கள் இரண்டுக்கும் விலை வாங்கிப் பார்த்துவிடுங்கள். எழுதிய டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில், வெயிலும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. பாலக்காட்டு மார்ச் வெயிலில் காருக்குள் டாஷ்போர்டில் கிடந்தால் சீக்கிரம் கெடும். வாங்குகிறவர் பல வருடம் வைத்துக் கேட்க வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் வார்த்த டிஸ்க்குக்கே என் ஓட்டு. கடைக்காரர் ரெப்ளிகேஷன் என்று சொல்லி பர்ன் செய்ததைக் கொடுத்தால் கண்டுபிடிப்பதும் எளிது. வார்த்ததன் அடிப்பக்கம் வெள்ளி நிறம், எழுதியதன் அடிப்பக்கம் பச்சை, நீலம் அல்லது ஊதாச் சாயல் அடிக்கும்.

டிஸ்க்கின் நடு ஓட்டையைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம் தெரியும் பாருங்கள், அதற்கு மிரர் பேண்ட் என்று பெயர். அதில் பொடி எழுத்தில் இருப்பது மேட்ரிக்ஸ் எண், உங்கள் ஆர்டரின் அடையாளம். பக்கத்தில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறி இருந்தால் அது சிட் கோடு, 1994 முதல் எந்த ஆலையில் மாஸ்டர் எடுத்தது, எந்த மோல்டில் வார்த்தது என்று சொல்வதற்காக வைக்கப்படுவது. வந்த சரக்கில் ஒன்றை எடுத்து அந்த மேட்ரிக்ஸ் எண்ணைக் குறித்து வையுங்கள், மறுமுறை ஆர்டர் கொடுக்க உதவும்.

மாஸ்டர் என்றால் எது

"மாஸ்டர் கொடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் கேட்பது நீங்கள் கொண்டுவரும் மூல டிஸ்க் அல்லது ஃபைல். "மாஸ்டரிங் சார்ஜ்" என்று பில்லில் இருந்தால் கிளாஸ் மாஸ்டர் செய்யும் கூலி. ஸ்டூடியோக்காரர் "மாஸ்டரிங் முடிந்தது" என்றால் பாட்டுகளின் சத்த அளவை ஒரே சீராக்கிவிட்டார் என்று பொருள். மூன்றும் வேறு வேலை, மூன்றுக்கும் தனித்தனிப் பணம். ஸ்டூடியோவில் மாஸ்டரிங்குக்குக் காசு கொடுத்தாச்சே, ஆலையில் எதற்கு மறுபடி என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள், அப்போது இதைச் சொல்லுங்கள்.

ஆலைக்கு ஆடியோ கொடுப்பதற்குச் சிறந்தது டிடிபி (DDP) என்ற வகை ஃபைல், ஸ்டூடியோவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அது இல்லையென்றால் நல்ல டிஸ்க்கில் "டிஸ்க் அட் ஒன்ஸ்" முறையில், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எழுதியதைக் கொடுங்கள். பாட்டுப் பாட்டாக எழுதும் "ட்ராக் அட் ஒன்ஸ்" மாஸ்டருக்கு ஆகாது. மாஸ்டர் டிஸ்க்கில் ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. அதை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கொடுங்கள், வேறொருவரையும் கேட்க வையுங்கள். ஆலையில் குறை சொல்லிப் பாட்டைத் திருத்த மாட்டார்கள், கொடுத்ததை அப்படியே வார்ப்பார்கள். பெரிய ஆர்டர் என்றால் செக் டிஸ்க் கேளுங்கள், முழுவதையும் அடிக்கும் முன் ஒன்றிரண்டு அனுப்புவார்கள்.

அச்சு

டெம்ப்ளேட்டை ஆலையிடமே வாங்கி, அச்சுக்கு வடிவமைக்கும் உங்கள் டிடிபி (DTP) ஆபரேட்டரிடம் கொடுங்கள், இணையத்தில் கிடைத்ததை வைக்க வேண்டாம். ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுவது, 300 டிபிஐ, சிஎம்ஒய்கே, இவை ஆபரேட்டருக்குத் தெரிந்ததே. டிஸ்க் முகத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங்கா, ஆஃப்செட்டா என்று கேட்பார்கள். கோபுரப் படம், சாமி படம் போன்ற போட்டோ என்றால் ஆஃப்செட், எழுத்தும் தட்டையான நிறங்களும் என்றால் ஸ்கிரீன் போதும். "வைட் பேஸ்" என்பது வெள்ளியின் மேல் முதலில் அடிக்கும் வெள்ளை. அது இல்லாமல் சாமி முகத்தை அச்சிட்டால் முகம் மங்கி உலோகமாகத் தெரியும், அதனால் வைட் பேஸ் சேர்த்து விலை சொல்லச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் விழிப்பாக இருங்கள். இந்தப் பக்கத்து டிடிபி கடைகளில் தமிழ், மலையாளம் இரண்டுக்கும் பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆலையின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் தலைப்பே வேறு எழுத்தாக மாறிவிடும், அங்கே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். எழுத்தை எல்லாம் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள்.

விற்பனைக்கோ வினியோகத்துக்கோ டிஸ்க் போடும்போது காப்பிரைட் சட்டத்தின் 52ஏ பிரிவு சில விவரங்களைக் கேட்கிறது. ஒலிப்பதிவு என்றால் அதைத் தயாரித்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை டிஸ்க்கிலும் உறையிலும் இருக்க வேண்டும். வீடியோவுக்கு இன்னும் கூடுதல் விவரங்கள் உண்டு. சினிமா மெட்டில் சாமி பாட்டு பாடியிருந்தால் மெட்டின் உரிமை உங்களுடையது அல்ல, அனுமதி வாங்காமல் ஆலைக்குப் போகாதீர்கள். நல்ல ஆலைகள் உரிமைக் கடிதம் கேட்கும், கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

முகவரிப் பட்டியல்

டிஸ்க் ஆலையில் இருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை இது, மொத்த வேலையிலும் அதிகப் பொறுமை கேட்பதும் இதுதான். எல்லைப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இன்னும் அதிகம்.

சித்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாலுகா சித்தூர், பின் 678101. ஆந்திராவில் சித்தூர், பின் 517001. ஊர்ப்பெயரை மட்டும் எழுதிப் பின் எண்ணை விட்டுவிட்ட உறை எந்தச் சித்தூருக்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. கோபாலபுரம் பொள்ளாச்சி ரோட்டுச் செக்போஸ்ட்டிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. மீனாட்சிபுரம் தமிழ்நாட்டில் எத்தனை என்று எண்ணவே முடியாது. புத்தூர் ஆந்திராவில் ஒன்று, கர்நாடகாவில் ஒன்று. ஆகவே பின் எண் இல்லாத முகவரி முகவரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின் எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்கத்தில் முதல் மூன்று, பிரித்தெடுக்கும் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்று எந்தத் தபால் ஆபீஸிலிருந்து பட்டுவாடா என்று காட்டும். 60 முதல் 64 வரை தொடங்குபவை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளா, 50 முதல் 53 வரை ஆந்திராவும் தெலங்கானாவும். 678 என்றால் பாலக்காடு, 679 ஒற்றப்பாலம், 641 கோவை, 642 பொள்ளாச்சி, 517 ஆந்திரச் சித்தூர். இதை வைத்து எக்செல்லில் பார்த்த மாத்திரத்தில் தவறைப் பிடிக்கலாம்: மாநிலம் கேரளா என்று இருந்து பின் 6ல் தொடங்கி அடுத்த எண் 4 என்றால் ஏதோ ஒன்று பிழை. மாஹி ஒரு விதிவிலக்கு, நிர்வாகம் புதுச்சேரி, பின் எண் கேரள வரிசையில் 673310. மாவட்டம் மாறினாலும் பின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 2022ல் சத்தியவேடும் சூளூர்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின, 2019ல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பழைய மாவட்டப் பெயர் உள்ள முகவரிகளைப் பின் சரியாக இருந்தால் பதற்றமில்லாமல் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வீட்டுப்பெயர். தமிழ்நாட்டு முகவரியில் கதவு எண், தெரு இருக்கும். கேரள முகவரியில் பெரும்பாலும் வீட்டுப்பெயர், ஊர், பி.ஓ. என்று போகும், தெருவே இருக்காது. கோவையில் யாரோ தயாரித்த எக்செல் ஷீட்டில் "கதவு எண்", "தெரு" என்று மட்டும் கட்டம் வைத்திருந்தால் நம் ஊர்க்காரர்களின் வீட்டுப்பெயர் எங்கேயும் நுழையாமல் விட்டுப்போகும். போஸ்ட்மேனுக்கு வீட்டுப்பெயர்தான் அடையாளம். பட்டியலில் கட்டங்களை இப்படி வையுங்கள்: பெயர், வீட்டுப்பெயர் அல்லது கதவு எண், தெரு அல்லது இடம், பி.ஓ., மாவட்டம், மாநிலம், பின், போன். போன் எண் கண்டிப்பாக இருக்கட்டும்.

ஒரே ஆள் இரண்டு முறை இருப்பதைக் களைவதற்கு டீடியூப் என்பார்கள், இரண்டு பட்டியலைச் சேர்த்துக் களைந்தால் மெர்ஜ் பர்ஜ். கணினியே செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரளாவில் பின்னால், ஆந்திராவில் குடும்பப் பெயர் முதலில். கே. முருகேசனும் முருகேசன் கே.யும் கணினிக்கு இரண்டு ஆட்கள். எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களோ இன்னும் மோசம். ஒழலப்பதியில் வரும் "ழ"வை ஆங்கிலத்தில் ஒருவர் இசட்ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் வெறும் எல். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் இதே கதை. பழைய பட்டியலில் பால்காட் என்றும் புதியதில் பாலக்காடு என்றும் இருக்கும். அதனால் பெயரை வைத்துத் தேடாமல் போன் எண்ணை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், போன் இல்லாதவர்களைப் பின் எண்ணை வைத்து அடுக்கிக் கண்ணால் பாருங்கள். அந்தந்த ஊர் ஆள் ஒருவரை உட்கார வைத்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

முகவரியை எந்த எழுத்தில் அடிப்பது? கேரளாவுக்குள் தமிழில் மட்டும் எழுதினால் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் இடங்களில் தங்கிவிடும். பெயரைத் தமிழில் வைக்க ஆசை என்றால் வையுங்கள், நானும் வைப்பேன், ஆனால் தபால் ஆபீஸ், மாவட்டம், மாநிலம் மூன்றும் ஆங்கில எழுத்திலும் இருக்க வேண்டும். வெளிநாட்டு முகவரியில் இன்னொரு சிக்கல் உண்டு: நியூஜெர்சி ஜிப் எண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கும், எக்செல் அந்தப் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். அந்தக் கட்டத்தை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டு அடியுங்கள்.

பட்டியலில் சீட் அட்ரஸ் என்று சிலவற்றைச் சேருங்கள், அதாவது உங்கள் ஆட்களின் முகவரிகள்: கோவையில் ஒருவர், சென்னையில் ஒருவர், ஆந்திரச் சித்தூரில் ஒருவர். அவர்களுக்கு என்று வந்தது, எந்த நிலையில் வந்தது என்று கேட்டால் மற்றவர்களுக்கு நடந்ததும் தெரியும்.

கட்டுவதும் போடுவதும்

டிஸ்க் வந்தவுடன் எண்ணுங்கள். பல ஆலைகளின் விதிகளில் ஓவர்ரன், அண்டர்ரன் என்று ஒரு வரி இருக்கும், கேட்டதைவிட 10 சதவீதம் வரை கூடலாம் குறையலாம், வந்த எண்ணிக்கைக்கே பில். ஆர்டர் கொடுக்கும்போதே அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வது நல்லது. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சிலவற்றை எடுத்து வேறு வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

உறையில் டிஸ்க்கை இடப்பக்கம் தள்ளி வையுங்கள், ஸ்டாம்பு ஒட்டும் வலது மேல்மூலைக்கு அடியில் டிஸ்க் வரக் கூடாது, அங்கேதான் முத்திரை அடி விழும். இரண்டு பக்கமும் அட்டை. ஜூன், ஜூலையில் அனுப்பினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், மழையில் காகித உறை தாங்காது. பின்பக்கம் உங்கள் முகவரியோடு "கிடைக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பவும்" என்று ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

கிளை அஞ்சலகத்தில் ஒரு கட்டு உறையைக் கொண்டுபோய் இறக்குவது அங்கிருக்கும் ஒற்றை ஊழியருக்குச் செய்யும் அநியாயம். தலைமை அஞ்சலகத்தில் முன்கூட்டியே பேசி நாள் கேட்டுப் போங்கள். அங்கே பல்க் புக்கிங் என்று கேளுங்கள், பட்டியலை அவர்கள் சொல்லும் வடிவில் கணினி ஃபைலாகக் கொடுத்தால் கவுன்டரில் ஒவ்வொன்றாக அடிக்கும் நேரம் மிச்சம். தொடர்ந்து மாதாமாதம் அனுப்புகிற அமைப்பு என்றால் பிஎன்பிஎல் என்ற கணக்கு உண்டு, இப்போது போட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டும் வசதி. உறைகளைப் பின் எண்ணின் முதல் மூன்று இலக்கம் வாரியாகக் கட்டுகளாகக் கட்டிக் கொடுங்கள். இதற்கு ப்ரீசார்ட் என்று பெயர். அமெரிக்காவில் இப்படிப் பிரித்துக் கொடுத்தால் கட்டணமே குறையும், மார்க்கெட்டிங் மெயிலுக்கு அங்கே குறைந்தது 200 உறை அல்லது 50 பவுண்டு எடை வேண்டும். அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அந்தத் தள்ளுபடியை இங்கே கேட்க வேண்டாம், ஆனால் பிரித்துக் கட்டினால் இங்கே வேலை வேகமாக நடக்கும் என்பது உறுதி. வெளிநாட்டுக்குப் போகிறவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள், அவற்றுக்கு சிஎன் 22 என்ற சுங்கப் படிவம் வேண்டும்.

ரசீதில் இருக்கும் எண், இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐஎன் என்று இருக்கும். அதை அந்தந்த முகவரிக்கு நேராக எக்செல்லில் ஏற்றிவிடுங்கள், அன்றைக்கே.

திரும்பி வருபவை

கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்யும். உறை மேல் எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை. "டோர் லாக்ட்", "அன்கிளெய்ம்ட்" என்றால் முகவரி சரி, ஆள் இல்லை, போன் செய்துவிட்டு மறுபடி அனுப்பலாம். "லெஃப்ட்" என்றால் வீடு மாறிவிட்டார், புது முகவரி கேட்காமல் அனுப்பாதீர்கள். "இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்" பெரும்பாலும் வீட்டுப்பெயர் விட்டுப்போனதால் வருவது. "ரெஃப்யூஸ்ட்" என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். "டிசீஸ்ட்" என்று வந்தால் அந்தப் பெயரை உடனே நீக்குங்கள். இறந்தவர் பெயருக்கு ஆண்டு தவறாமல் கோயில் உறை வந்துகொண்டிருந்தால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்?

திருத்தியதை மூலப் பட்டியலிலேயே திருத்துங்கள், லேபிள் அடிக்க எடுத்த நகலில் அல்ல. ஆலையிடம் ஸ்டாம்பரை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, மேட்ரிக்ஸ் எண்ணோடு அதே ஃபைலில் போட்டுவையுங்கள், அந்தக் காலத்துக்குள் இன்னும் 500 வேண்டும் என்றால் மாஸ்டரிங் சார்ஜ் இல்லாமல் கேட்கலாம்.